இளையரசனேந்தல்: நீரும் நிலமும் ஆட்சியும்

நுழையும்முன்

ஓர் ஊரின் வரலாறு கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் மட்டும் அடங்குவதன்று. ஊர்ப்பெயர், மண், நீர்நிலை, ஆட்சி எல்லை ஆகியனவும் வரலாற்றுச் சான்றுகளே. கரிசல் நிலத்துச் சிற்றூர் ஒன்றை இச்சான்றுகளின் வழி அறிய முற்படுகிறது இப்பாடம்.

பெயரில் நிற்கும் நீர்

நெல்லைச் சீமையின் வடபகுதியில், கோவில்பட்டிக்கு அருகே அமைந்துள்ளது இளையரசனேந்தல். இளையரசன், ஏந்தல் என்னும் இரு சொற்களின் சேர்க்கை இப்பெயர். ஏந்தல் என்பதற்கு உயர்ந்தோன், ஏரி என இரு பொருள்கள் உண்டு. தென்மாவட்டங்களில் ஊர்ப்பெயரின் ஈற்றில் நிற்கும்போது அது நீர்நிலையையே பெரிதும் சுட்டும். குளம், ஊருணி, ஏந்தல் என முடியும் ஊர்ப்பெயர்கள் இப்பகுதியில் மிகுதி. நீர் அரிதான நிலத்தில் நீர்நிலையே ஊருக்கு முகவரியாயிற்று.

கரிசலின் இயல்பு

இவ்வட்டாரத்தின் நிலம் கரிசல். களித்தன்மை மிக்க இம்மண் மழை பெய்தால் உப்பி இளகும்; கோடையில் சுருங்கிப் பாளம்பாளமாக வெடிக்கும். நீரை நெடுநாள் தன்னுள் தேக்கிவைப்பது இதன் சிறப்பு. வடகிழக்குப் பருவமழையில் பெற்ற ஈரத்தைக் கொண்டே பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு முதலியன விளைகின்றன. ஆற்றுப்பாசனம் இல்லாத மானாவாரி நிலமாதலால், மழை பொய்த்தால் விளைச்சலும் பொய்க்கும்.

இக்குறையை ஓரளவு ஈடுசெய்தவை கண்மாய்கள். மேட்டிலிருந்து இறங்கும் மழைநீரைக் கரை தடுத்து நிறுத்தும். மடை வயலுக்குத் திறந்துவிடும். மிகுநீர் கலுங்கு வழியே வெளியேறித் தாழ்விடத்துக் கண்மாயைச் சென்றடையும். ஆதலால், ஓர் ஊர் தன் கண்மாயைத் தூர்வாராது விட்டால் அதன் கேடு அவ்வூரோடு நிற்பதில்லை.

தெரிந்து தெளிவோம்

கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்தவர் கி. ராஜநாராயணன். கரிசல் மக்களின் பேச்சுமொழியை இலக்கியமாக்கியதோடு, வட்டார வழக்குச் சொற்களைத் தொகுத்து அகராதியாகவும் வெளியிட்டார்.

பாளையமும் ஜமீனும்

விஜயநகர, நாயக்கர் ஆட்சிக்காலங்களில் தெலுங்கு பேசும் மக்கள் பலர் கரிசல் காடுகளில் குடியேறி வேளாண்மை செய்தனர். மதுரை நாயக்கர்கள் நாட்டைப் பாளையங்களாகப் பகுத்து ஆண்டனர். 1799, 1801ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த பாளையக்காரர் போர்களுக்குப் பின்னர், ஆங்கிலேயர் நிலையான நிலவரித் திட்டத்தைப் புகுத்தினர். படை வைத்திருந்த பாளையக்காரர் இருந்த இடத்தில் வரி செலுத்தும் ஜமீன்தார் அமர்ந்தார். இளையரசனேந்தலும் ஒரு ஜமீனாக விளங்கியது. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் அம்முறைக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

எல்லைக்கோடும் மக்களும்

1986இல் திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது, இளையரசனேந்தல் குறுவட்டம் நெல்லையின் சங்கரன்கோவில் வட்டத்திலேயே நீடித்தது. 2008இல் அக்குறுவட்டம் தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டி வட்டத்துடன் இணைக்கப்பட்டது. எனினும், வருவாய்த்துறை மாறியதே தவிர, அதன் 12 ஊராட்சிகள் குருவிகுளம் ஊராட்சி ஒன்றியத்திலேயே இருந்தன. 2019இல் தென்காசி மாவட்டம் உருவானபோது குருவிகுளம் அதன் பகுதியாயிற்று.

இதனால் பட்டாவுக்கும் சான்றிதழுக்கும் ஒரு மாவட்டம், சாலைக்கும் குடிநீர்த் திட்டத்திற்கும் வேறொரு மாவட்டம் என்னும் நிலை ஏற்பட்டது. தங்கள் ஊராட்சிகளையும் கோவில்பட்டி ஒன்றியத்தில் சேர்க்க வேண்டுமென மக்கள் நெடுங்காலம் வலியுறுத்தினர். வரைபடத்தில் இழுக்கும் ஒரு கோடு எளிய மக்களின் பயணத்தையும் பொழுதையும் பொருளையும் தீர்மானிக்கிறது என்பதற்கு இவ்வூர் ஒரு சான்று.

நீரைத் தேக்க ஊர் கூடிக் கரை அமைத்தது. ஆட்சி எல்லைகளும் மக்களின் வாழ்வுக்கு அரணாக அமைவதே முறை.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊர்ப்பெயரின் ஈற்றுச்சொல்லைக் கண்டறிந்து, அது உணர்த்தும் நிலவியல் செய்தியை எழுதுக.
2. உங்கள் பகுதிக் கண்மாய் அல்லது ஏரியின் வரத்துக்கால், மடை, கலுங்கு ஆகியவற்றைக் குறித்து வரைபடம் வரைக.
3. 'ஆட்சி எல்லையும் மக்கள் வசதியும்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.