தியாகராய நகர்த் தெருப்பெயர்கள்: நீதிக்கட்சியும் நீர்நிலையும்

சென்னைத் தியாகராய நகர் இன்று துணிக்கடைகளாலும் நகைக்கடைகளாலும் அறியப்படுகிறது. எனினும் அது குடியிருப்புக்கெனவே வகுக்கப்பட்ட பகுதியாகும். நுங்கம்பாக்கம், மாம்பலம் பகுதிகளில் நீண்டு கிடந்த ஏரி 1920களில் தூர்க்கப்பட்டு, அதன் படுகை மனைகளாயிற்று. இந்நகரின் பெயர்கள் எதைப் பதிவு செய்தன, எதை விடுத்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அப்போது சென்னை மாகாணத்தை ஆண்டது நீதிக்கட்சி. ஆகவே நகரின் வரைபடமே அக்கட்சியின் பெயர்ப்பட்டியல் போல அமைந்தது. 1916இல் கட்சியைத் தோற்றுவித்தோருள் பிட்டி தியாகராயர் நகருக்கும், டி.எம். நாயர் சாலைக்கும், சி. நடேசனார் பூங்காவுக்கும் பெயராயினர். முதலமைச்சர் பனகல் அரசர் நடுவிலுள்ள பூங்காவில் நிலைபெற்றார். உஸ்மான், அபிபுல்லா ஆகியோரின் பெயர்களும் சாலைகளுக்குச் சூட்டப்பட்டன. பிராமணரல்லாதார் இயக்கத்தில் இசுலாமியர் பெற்றிருந்த இடத்துக்கு இச்சாலைப் பெயர்கள் சான்றாகின்றன.

நகரின் பெயரில் 'செட்டி' என்னும் பின்னொட்டு இடம்பெறவில்லை. சாலைப் பெயர்களிலோ அத்தகைய பின்னொட்டுகள் நீடித்தன. எம்.ஜி.ஆர். ஆட்சியில் சாதிப்பெயர்கள் நீக்கப்பட்டபோது ஜி.என். செட்டி சாலை 'ஜி.என். சாலை' ஆயிற்று, டாக்டர் நாயர் சாலை 'டாக்டர் சாலை' எனச் சுருங்கியது. நோக்கம் போற்றத்தக்கதே. ஆனால் சாதியோடு ஆளும் மறைந்தார். எந்த மருத்துவர் என வினவினால் பலகையில் விடையில்லை. நீதிக்கட்சி மரபில் வந்த ஆட்சியே அதன் நிறுவனர் ஒருவரின் பெயரை நீக்க நேர்ந்தது வரலாற்று முரண். மக்கள் வழக்கோ 'செட்டி ரோடு' என்பதை விடவில்லை.

பாண்டி பசாரில் நிலைமை வேறு. சுயமரியாதை இயக்கத் தலைவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனாரின் பெயர் பேச்சில் 'பாண்டி'யெனக் குறுகியது என்பர். 1929இல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய அவரைப் புதுச்சேரியோடு குழப்பிக்கொள்வோரும் உளர்.

இத்தனை பெயர்களுள் ஏரிக்கு நகரில் இடமில்லை. இருப்புப்பாதைக்கு அப்பால் மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' உள்ளது, அதுவும் ஆங்கிலத்தில். 2021 நவம்பர் மழையில் தியாகராய நகரின் தெருக்களில் வெள்ளம் தேங்கி நின்றது.