கைக்கடிகாரம் நகையா, வீட்டுச் சாமானா?

அன்புள்ள மலர்விழிக்கு,

‘அவ்வை சண்முகி’யை நீ எத்தனை முறை பார்த்திருப்பாயோ! அந்தப் படத்துக்குத் தூண்டுகோல் 1993இல் வந்த ‘மிசஸ் டவுட்ஃபயர்’. அதில் பாட்டி வேடம் கட்டியவர் ராபின் வில்லியம்ஸ். சட்டக் கல்லூரிக்குப் போகும் உனக்கு அவருடைய நடிப்பைவிட, அவர் விட்டுச்சென்ற சாமான்களின் கதை அதிகம் உதவும்.

2014 ஆகஸ்ட் 11 அன்று, 63 வயதில் அவர் இறந்தார். அப்போது மனைவியாக இருந்தவர் சூசன் ஷ்னைடர். 2011 அக்டோபரில் நடந்தது அந்தத் திருமணம். ராபினுக்கு முந்தைய இரண்டு திருமணங்களில் மூன்று பிள்ளைகள். சொத்துகள் டிரஸ்டில் இருந்தன. பத்திரப்படி பிரித்துக் கொடுப்பது டிரஸ்டிகளின் வேலை.

கலிஃபோர்னியா சட்டத்தில், கல்யாணத்துக்குப் பிறகு இருவரில் யார் சம்பாதித்தாலும் அது இருவருக்கும் சரிபாதி. கணவர் தன் பாதியைத்தான் டிரஸ்டுக்கு எழுதிவைக்கலாம். மனைவியின் பாதியில் கைவைக்க முடியாது. நம் நாட்டில் கோவாவிலும் போர்த்துகீசியர் காலத்திலிருந்து ஏறக்குறைய இதே முறைதான். ஆனால் தம்பதி விரும்பினால் திருமணத்துக்கு முன்பே ஒப்பந்தம் போட்டு இதை மாற்றிக்கொள்ளலாம். ராபினும் சூசனும் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். பிறகு சண்டைக்கு என்ன இருக்கிறது?

இருந்தது. டிரஸ்ட் பத்திரப்படி, டிபுரான் ஊரிலிருந்த வீடும் அதிலுள்ள பொருள்களும் சூசனுக்கு. ராபினின் உடைகள், நகைகள், திரையுலக நினைவுப் பொருள்கள், விருதுகள் எல்லாம் பிள்ளைகளுக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளைகளுக்குச் சேரவேண்டிய பல பொருள்கள் இருந்தது சூசனின் வீட்டுக்குள்! ராபின் கைக்கடிகாரங்களைச் சேர்த்தவர். கடிகாரம் நகைக் கணக்கா, வீட்டுச் சாமான் கணக்கா? பொம்மைகளும் காமிக்ஸ் புத்தகங்களும் சினிமா நினைவுப் பொருள்களா, வெறும் பொழுதுபோக்குச் சேகரிப்பா? வீட்டைப் பராமரிக்கப் பணம் ஒதுக்கச் சொல்லியிருந்தார். எவ்வளவு என்பதிலும் தகராறு.

2014 டிசம்பரில் சூசன் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றத்துக்குப் போனார். தன் அனுமதியில்லாமல் வீட்டிலிருந்து பொருள்கள் எடுத்துச் செல்லப்பட்டதாகவும் அவர் புகார் சொன்னார். பிள்ளைகள் கடுமையாக எதிர்த்தார்கள். டிரஸ்டியின் இக்கட்டை இங்கே கவனி. விதவை என்று இரக்கப்பட்டு ஒரு பொருளைக் கூடுதலாகக் கொடுத்தால், அது பிள்ளைகளின் பங்கிலிருந்து எடுத்துக் கொடுத்ததாகிவிடும். அதற்கு அவரே பதில் சொல்ல வேண்டியிருக்கும். பத்திரம் தெளிவாக இல்லாதபோது நீதிமன்றத்திடம் விளக்கம் கேட்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு.

பத்திரிகைகள் இதைச் சித்திக்கும் பிள்ளைகளுக்கும் நடந்த சண்டையாகவே எழுதித் தள்ளின. பழி பத்திரத்தின் மீதுதான் விழவேண்டும். இத்தனைக்கும் அதே மனிதர், தான் இறந்து 25 ஆண்டுகளுக்கு, அதாவது 2039 வரை, தன் முகத்தையும் பெயரையும் வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று முன்யோசனையோடு எழுதிவைத்தவர். தன் மணிக்கட்டில் கட்டியதைப் பற்றி மட்டும் ஒரு வரி விட்டுப்போயிற்று.

2015 அக்டோபரில் சமாதானம் ஆனது. வீட்டில் தொடர்ந்து வாழவும் அதைப் பராமரிக்கவும் சூசனுக்கு வழி கிடைத்தது. கல்யாணப் பரிசுகளும், ராபின் அடிக்கடி கட்டிய ஒரு கடிகாரமும், தேனிலவில் வாங்கிய சைக்கிளும் அவருக்கு. வழக்கிலிருந்த மற்றவற்றில் பெரும்பாலானவை பிள்ளைகளுக்கே போயின.

நாளைக்கு உன்னிடம் யாராவது உயிலோ டிரஸ்ட் பத்திரமோ எழுத வந்தால், நிலத்தையும் வங்கிக் கணக்கையும் எழுதி முடித்ததும் பேனாவை மூடிவிடாதே. அவர் வீட்டுக்கு ஒரு நடை போய் அலமாரிகளைத் திறந்து காட்டச் சொல். எது யாருக்கு என்று பொருள்வாரியாகப் பட்டியல் போட்டு, அதில் அவரிடம் கையெழுத்து வாங்கு.

அன்புடன்,
சித்தப்பா