உப்புக்காற்றும் அலுமினியச் சக்கரமும்

மத்திய அந்தமான் தீவின் வடகோடியில் உள்ள மாயாபந்தரில் கடலும் சாலையும் அடுத்தடுத்தே உள்ளன. அந்தமான் நெடுஞ்சாலையின் லாரிகள் நீரிணைகளைப் படகேறிக் கடந்து பழகியவை. நம் நாட்டு லாரிகளில் பெரும்பாலானவை எஃகுச் சக்கரம் பூண்டவையே. எனினும் எடை குறைவு கருதி அலுமினியக் கலவைச் சக்கரம் பூண்ட வண்டி இத்தகைய கடலோரத்தில் ஓடுமாயின், அதன் பளபளப்பு விரைவில் மங்கி, மேற்பரப்பில் ஊசிமுனையளவு குழிகள் தோன்றக் காணலாம்.

அலுமினியத்தைக் காப்பது அதன்மேல் இயல்பாகவே படரும் ஆக்ஸைடு படலம். இதன் கனம் ஒரு மில்லிமீட்டரின் பத்து இலட்சம் பங்கில் சில பங்குகளே. கீறல் பட்டால் படலம் தானே மூடிக்கொள்ளும். ஆனால் உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் நலிந்த இடம் நோக்கித் துளைக்கின்றன. துளையினுள் கரையும் உலோகம் நீருடன் வினைபுரிந்து அமிலத்தைத் தோற்றுவிக்கிறது. அமிலம் மேலும் உலோகத்தைக் கரைக்கிறது. இவ்வாறு சுற்றுப்புறம் ஒளிர்ந்திருக்க, குழி மட்டும் ஆழ்ந்துகொண்டே போகிறது. வாயை மூடிய வெண்பொடியைக் கண்டு ஆழத்தை மதிப்பிட இயலாது. இத்தீவுகளில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அது சக்கரத்தின் வெளிமுகத்தைக் கழுவிவிடும். சேறு அப்பிய உட்புறத்தில் உப்பு தங்கிவிடும். ஆகவே உட்புறத்தையே முதலில் நோக்க வேண்டும்.

செப்பனிடத் தொடங்குமுன் காற்றை முழுவதும் இறக்கி, டயரைக் கழற்றி, நன்னீரும் மென்சோப்பும் கொண்டு கழுவுக. எரிசோடா கூடாது, அலுமினியம் காரத்திலும் கரையும் உலோகம். போல்ட் துளைகளைச் சுற்றியும் டயர் அமரும் விளிம்பிலும் விரிசலோ ஆழ்ந்த குழியோ இருப்பின் அச்சக்கரத்தை ஒதுக்கிவிட வேண்டும். பட்டறைகளில் பற்றவைத்து நிரப்புவது உண்டு. வெப்பத்தால் பதப்படுத்திய கலவை அச்சூட்டில் வலிமை இழக்கும். பாரமேற்றிய வண்டிக்கு அது ஆபத்து. இவ்விடங்களை அரத்தால் தேய்ப்பதும் தகாது.

மற்ற இடங்களில் 320 எண் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்து, பின்னர் 400, 600, 800 என நுண்ணியதற்குச் செல்க. ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையைக் குறுக்காக மாற்றினால், முந்தைய கீறல் மறைந்ததா என்பது தெளிவாகும். எஃகுப் பஞ்சை ஒதுக்குக: அதன் துகள்கள் பதிந்து மின்கலம்போல் செயற்பட்டுப் புதுக் குழிகளைத் தோற்றுவிக்கும். ஆழ்ந்த குழி முற்றிலும் மறைய வேண்டுமென்று உலோகத்தைக் குறைப்பது மடமை. இறுதியில் துணிச்சக்கரத்தில் பழுப்பு மெருகுக் கட்டியும், பின்னர் வெண்கட்டியும் இட்டு மெருகேற்றலாம். அலுமினியத் தூள் தீப்பற்றும். அவ்விடத்தில் இரும்பு சாணை பிடித்தல் கூடாது. முகமூடியும் கண்ணாடியும் இன்றியமையாதவை.

மெருகிட்ட பரப்பில் மெழுகு பூசுக. போல்ட் அமரும் முகங்களில் பூச வேண்டா. கடலோரப் பயணம் முடிந்த அன்றே நன்னீரால் கழுவுதல் இவை அனைத்தினும் மலிவான காப்பு.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். இரு கண்ணாடிக் குவளைகளில் உப்புநீர் ஊற்றி, அலுமினியத் தகடு ஒவ்வொன்றை இடுக. ஒன்றின்மீது மட்டும் செப்புக் கம்பியை இறுகச் சுற்றுக. சில நாட்களில் கம்பியை ஒட்டிய இடத்தில் வெண்படிவு திரளும். அதைத் துடைத்தால் குழிகள் புலப்படும்.