ஜோகேன் சௌத்ரியின் மனிதர்கள்

ஓவியம் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதியும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் தூரிகை பிடித்தவனல்லன். பேரேடு எழுதிப் பிழைத்தவன். என்றாலும், கொல்கத்தாவில் இத்தனை வருஷம் குடியிருந்துவிட்டு, இந்த ஊர் வளர்த்த ஓர் ஓவியரைப் பற்றி நம் சங்கத்து அன்பர்களிடம் பேசாமல் இருப்பது நியாயமாகப் படவில்லை. அவருக்கும் சென்னைக்கும் நான்கு வருஷ உறவு உண்டு என்பது இன்னொரு காரணம்.

1997 ஜூலை மாதம். ஊருக்கு அப்போது கல்கத்தா என்றுதான் பெயர். ரவீந்திர சதனில் கச்சேரி கேட்கப் போனவன், மழைக்குப் பயந்து பக்கத்திலிருந்த அகாடமி ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் கட்டடத்துக்குள் ஒதுங்கினேன். பல ஓவியர்களின் படங்களைச் சேர்த்து மாட்டியிருந்தார்கள். குடை சொட்டச் சொட்ட ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவன் ஒரு படத்தின் முன் நின்றுவிட்டேன். பிடித்துப்போய் நிற்கவில்லை, முகம் சுளித்து நின்றேன்.

ஒரு நடுவயதுப் பெண். பின்னால் மைக் கறுப்பு. அவள் உட்கார்ந்திருக்கிறாள், ஆனால் நாற்காலி இல்லை, தரை இல்லை, சன்னல் இல்லை. தோள்கள் சரிந்து, உடம்பு முற்றிய பூசணிக்காய் போல அடியில் கனத்துக் கிடக்கிறது. கழுத்தில் மடிப்புகள். கண் எங்கேயோ பார்க்கிறது. எண்ணெய் வண்ணம்கூட இல்லை; காகிதத்தின்மேல் பேனா மையும் பாஸ்டல் குச்சியும்தான். மனிதர்களை இப்படியா கேலி செய்வது என்று எண்ணிக்கொண்டு நகர்ந்தேன். கீழே ஜோகேன் சௌத்ரி என்று பெயர் எழுதியிருந்தது. கச்சேரியில் போய் உட்கார்ந்த பிறகும் அந்தப் பெண்ணின் கை மட்டும் நினைவில் வந்துகொண்டே இருந்தது. மடிமேல் கிடந்த கை. ஒரு வேலை முடிந்து, அடுத்த வேலைக்கு இன்னும் எழாத கை.

அடுத்த வருஷம் ஊரில் என் தாயார் காலமானார். காரியங்கள் முடிவதற்குள் மாட்டுவதற்குப் படம் வேண்டும் என்று, இருந்த ஒரே பாஸ்போர்ட் அளவுப் படத்தை உள்ளூர் ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி வாங்கினோம். ஸ்டூடியோக்காரர் நல்ல மனதோடு ‘டச்சப்’ செய்திருந்தார். கழுத்துச் சுருக்கம் போயிற்று. பல் போனதால் ஒட்டியிருந்த கன்னம் நிரம்பிற்று. தோட்டின் கனத்தால் இழுபட்டு நீண்டிருந்த காதுத் துளை சின்னதாகிவிட்டது. இடது கண் சற்றே சிறுத்திருக்கும். அதையும் வலது கண்ணுக்குச் சமமாக்கிவிட்டார். வந்தவர்கள் எல்லாரும் “மகாலட்சுமி மாதிரி இருக்கா” என்றார்கள். எனக்கோ, யாரோ ஓர் அம்மாளுக்கு மாலை போட்டிருப்பதுபோல் இருந்தது.

அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அகாடமியில் பார்த்த பெண் ஞாபகம் வந்தாள். எதையும் சமன் செய்யாமல் விட்டிருந்த அந்த உடம்பு கேலிதானா என்று சந்தேகம் வந்தது. கல்கத்தா திரும்பியதும் தேடத் தொடங்கினேன். கண்காட்சிக் கையேடுகளைச் சேர்த்து வைத்திருந்த அலுவலகத்து வங்காளி நண்பர் ஒருவர் உதவினார்.

ஜோகேன் சௌத்ரி 1939-இல், இன்று வங்கதேசத்தில் இருக்கும் ஃபரீத்பூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். தகப்பனார் ஜமீன்தார், கிராமத்து நாடகங்களில் ஈடுபாடு கொண்டவர், புராணப் படங்களும் வரைவார். தாயார் ஆல்பனா போடுவதில் கைதேர்ந்தவர். ஆல்பனா என்பது நம்முடைய மாக்கோலம்தான். அரிசியை அரைத்து விரலால் இழுக்கும் இழை. தேசப் பிரிவினையில் எல்லாம் போயிற்று. குடும்பம் கல்கத்தாவுக்கு வந்து, 1951 வாக்கில் டாக்கூரியாவில் குடியேறியது. வீட்டில் மின்சாரம் இல்லை. அரிக்கேன் விளக்கின் வெளிச்சத்தில் உட்கார்ந்து வரைந்த பையனுக்கு, வெளிச்சம் பட்ட இடம் தவிர மற்றதெல்லாம் கறுப்பு. தன் படங்களில் இருட்டு வந்து உட்கார்ந்தது அங்கிருந்துதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். நான் அலங்காரம் என்று நினைத்த கறுப்பு, ஓர் அகதி வீட்டின் இரவு.

1955 முதல் 1960 வரை அரசு கலைக் கல்லூரியில் படித்தார். மாணவர்கள் இரவு நேரங்களில் சியால்தா ஸ்டேஷனுக்குப் போய் வரைவார்கள். கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள் பிளாட்பாரத்திலேயே வாழ்ந்த காலம் அது. மூட்டையின்மேல் தலைவைத்துப் படுத்தவர்களையும், குந்தி உட்கார்ந்து காத்திருந்தவர்களையும் அவர் அங்கே வரைந்தார். காத்திருக்கும் உடம்பு எப்படிக் கனக்கும் என்பதை அங்கே கற்றிருப்பார் என்று நினைக்கிறேன். அவருடைய பிற்காலப் படங்களில் வசதியாக வாழ்கிறவர்கள்கூட, எதற்கோ காத்திருப்பவர்கள் போலத்தான் இருப்பார்கள்.

1965-இல் பிரெஞ்சு அரசின் உதவித்தொகையில் பாரிஸ் போனார். திரும்பி வந்து 1968 முதல் 1972 வரை சென்னையில் கைத்தறித் துறையில் துணி வடிவமைப்பாளராக வேலை பார்த்தார். பாரிஸில் பார்த்ததைப் பாரிஸிலேயே விட்டுவிட்டுத் தனக்கென்று ஒரு மொழியைத் தேடிய வருஷங்கள் அவை. ‘ஒரு கனவின் நினைவுகள்’ என்று பெயரிட்ட வரிசையை அந்தக் காலத்தில்தான் தொடங்கினார். செடி, மீன், பாம்பு எல்லாம் இருட்டில் மிதக்கும் படங்கள் அவை.

அவருடைய வேலைமுறையைச் சொல்ல வேண்டும். முதலில் பேனாவால் உருவத்தின் வெளிக்கோடு. அது தயங்காமல், அறுபடாமல், தோள் முதல் முழங்கை வரை ஒரே இழுப்பாக ஓடும். பிறகு அதற்குள்ளே குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக, ஆயிரக்கணக்கில். நெருங்கிப் போய்ப் பார்த்தால் உடம்பே தெரியாது. வலை பின்னியதுபோலக் கோடுகள்தான் தெரியும். இரண்டடி பின்னால் வந்தால் அந்த வலை தோலாகிவிடும்: தொய்வு, மடிப்பு, நரம்பு, வியர்வை எல்லாவற்றோடும். பாவும் ஊடும் ஓடித் துணியாவதுபோல இருக்கிறது இது. கைத்தறியில் வேலை பார்த்தவர் என்று தெரிந்த பிறகு எனக்குத் தோன்றிய ஒப்புமைதான். அவர் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் புடவை மடிப்பையும் தலையணை உறையின் பூவையும் அவர் வரையும் பொறுமையைப் பார்த்தால், துணியைக் கையால் தொட்டு அறிந்தவர் என்பது விளங்கும்.

உருண்டு திரண்ட அந்தக் கைகால்களுக்கு ஒரு முன்னோடியும் உண்டு. லேக் மார்க்கெட்டில் வாழைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கப் போகும் நமக்குக் காளிகாட் கூப்பிடு தூரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தக் கோயிலைச் சுற்றி உட்கார்ந்து, யாத்ரீகர்களுக்கு விற்க மளமளவென்று படம் எழுதிய படுவாக்கள், ஓரத்தில் மட்டும் நிழல் கொடுத்து உடம்பைத் திரளச் செய்வார்கள். சாமி படங்களோடு, சென்ட் பூசிக்கொண்டு திரிந்த பாபுக்களையும் கிண்டலாக வரைந்தார்கள். ஜோகேன் சௌத்ரி அந்தப் பாபுவை வாங்கி, அவனுக்குள் நூறு வருஷத்து அலுப்பையும் சேர்த்தார்.

இனி என் அபிப்பிராயம். அவர் கோபத்தோடு வரைந்த படங்கள் உண்டு. எழுபதுகளில் வந்த கணேசர் வரிசை அப்படி. வருஷப் பிறப்பன்று இங்கே கடைக்குக் கடை மண் கணேசரை வைத்துப் புதுக்கணக்கு எழுதுகிறார்களே, அந்த வியாபாரிகளின் கணேசர் தொப்பை தளர்ந்து உட்கார்ந்திருக்கிறார். கெட்டிக்காரத்தனமான படங்கள், பார்த்ததும் சிரிப்பு வருகிறது. ஆனால் சிரித்து முடித்ததும் நான் அடுத்த படத்துக்குப் போய்விடுகிறேன். அவர் யாரையும் தண்டிக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் படங்களின் முன்னால்தான் கால் நின்றுவிடுகிறது. அருகருகே உட்கார்ந்தும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாத தம்பதிகளை அவர் பல முறை வரைந்திருக்கிறார். சண்டை என்று சொல்ல முடியாது, அன்பு என்றும் சொல்ல முடியாது. முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர்கள் என்று மட்டும் தெரியும்.

1975-இல் வரைந்த ‘நடீ பினோதினி’ தில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. பினோதினி தாசி பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்காள மேடையின் பெரிய நடிகை. 1883-இல் ஸ்டார் தியேட்டர் எழுந்ததே அவர் தம் சொந்த வாழ்க்கையைப் பணயம் வைத்ததால்தான். அதற்குத் தம் பெயரை வைப்பார்கள் என்று நம்பியிருந்தார், வைக்கவில்லை. இளம் வயதிலேயே மேடையை விட்டு விலகினார். பின்னால் தம் வரலாற்றைத் தாமே எழுதினார். அந்தப் பெயரைத் தாங்கி நின்ற ஹாதிபாகான் அரங்குக்குப் பினோதினியின் பெயர் வைக்கப்படும் என்று மேற்கு வங்க அரசு அறிவித்தது 2024 டிசம்பரில். அவர் 1941-இல் இறந்தபோது ஓவியருக்கு இரண்டு வயது. ஆகவே இது நேரில் பார்த்து எழுதிய சாயல் அல்ல. மேடைப் பளபளப்பு எதையும் பூசாமல், அவமதிப்பைச் சுமந்த ஓர் உடம்பு எப்படி இருக்கும் என்று யோசித்து எழுதியது. தில்லியில் உறவினர் இருப்பவர்கள் போகும்போது விசாரித்துப் பாருங்கள். சேகரிப்பில் உள்ளதையெல்லாம் எப்போதும் மாட்டி வைப்பதில்லை. 1972 முதல் 1987 வரை குடியரசுத் தலைவர் மாளிகையின் ஓவியச் சேகரிப்புக்குக் காப்பாளராக இருந்ததால் தில்லி அவருக்கும் பழகிய ஊர்தான். பிறகு சாந்திநிகேதனத்துக்கு ஆசிரியராகப் போனார்.

குழந்தைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. “அழகாக இருக்கிறதா?” என்று கேட்காதீர்கள், இல்லை என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவார்கள். கையை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஆள் இதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேளுங்கள். என் பேத்தி ஒரு படத்தைப் பார்த்து, “இந்தத் தாத்தா இப்பத்தான் யாரையோ திட்டிட்டு உட்கார்ந்திருக்கார்” என்றாள். விமரிசகர் எழுதியதில்கூட அவ்வளவு சரியாக நான் படித்ததில்லை.

என் தாயாரின் இன்னொரு படம் பிறகு கிடைத்தது. ஒரு கல்யாணத்தில் எடுத்த கூட்டப் படம். ஓரத்தில், பாதி திரும்பி, தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கடியாஹாட்டில் ஒரு கடையில் கொடுத்து அவரை மட்டும் தனியாகப் பெரிதாக்கச் சொன்னேன். கம்ப்யூட்டர் முன் இருந்த பையன், “சுருக்கத்தை எடுத்துவிடட்டுமா, காசு வேண்டாம்” என்றான். எதையும் எடுக்காதே என்றேன். இடது கண் சிறுத்தே இருக்கிறது. அந்தப் படம்தான் இப்போது எங்கள் கூடத்தில் இருக்கிறது. என் தங்கைக்கு ஊரில் மாட்டிய படம்தான் பிடிக்கிறது.