குத்தகை மின் வண்டியைப் புது மாடலுக்கு மாற்றலாமா?
(இறுதியாண்டு இயந்திரவியல் மாணவர் ஒருவர்)

திண்டிவனம் - புதுச்சேரி சாலையில் நம்ம கிளியனூர் பஸ் ஸ்டாப்பில் அரை மணி நேரம் நின்றால் போதும், பச்சை நம்பர் பிளேட் போட்ட குட்டி யானைகள் சத்தமில்லாமல் கடந்து போவதைப் பார்க்கலாம். இந்த மாதிரி வண்டிகளில் பலவற்றுக்கு ஓட்டுகிறவர் சொந்தக்காரர் அல்ல. வண்டி ஒரு குத்தகைக் கம்பெனியுடையது, மாதா மாதம் வாடகை. நாலு வருஷ ஒப்பந்தத்தில் பாதி ஓடியதும் கம்பெனி ஆள் போன் பண்ணி, "புது மாடல் வந்துடுச்சு, மாத்திக்கிறீங்களாண்ணே?" என்று கேட்கிறார். அதற்கு என்ன பதில் சொல்வது என்பதைத்தான் இக்கட்டுரை பார்க்கிறது. நம்மில் சிலர் வீட்டிலேயே இந்தக் கேள்வி வந்திருக்கும். டிப்ளமோ முடித்து டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் சூப்பர்வைசராகப் போகிறவர்களுக்கு இது வேலையாகவே வரும்.

முதலில் வண்டிகளைப் பற்றி

டாடா ஏஸ் 2005-ல் டீசல் வண்டியாக வந்தது. அதன் மின்சார வடிவமான ஏஸ் இ.வி.யை 2022 மே மாதம் அறிமுகப்படுத்தினார்கள். அப்போதே அமேசான், பிளிப்கார்ட், பிக்பாஸ்கெட், மூவிங், லெட்ஸ்டிரான்ஸ்போர்ட், எலோ இ.வி. முதலிய நிறுவனங்களுடன் 39,000 வண்டிகளுக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டார்கள். இதில் பாதிப் பெயர்கள் வண்டியை வாங்கி வாடகைக்கு விடுகிறவர்களுடையவை என்பதைக் கவனியுங்கள். 2023 ஜனவரியில் வண்டி கைக்கு வரத் தொடங்கியபோது விலை ரூ.9.99 லட்சத்தில் ஆரம்பம். 21.3 யூனிட் பேட்டரி, 27 கிலோவாட் மோட்டார், 600 கிலோ சுமை, சான்றிதழில் 154 கி.மீ.

2024 மே மாதம் ஏஸ் இ.வி. 1000 வந்தது. அதே 21.3 யூனிட் பேட்டரிதான், ஆனால் சுமை 1 டன், சான்றிதழில் 161 கி.மீ. பேட்டரிக்கு 7 வருஷ வாரண்டி. 2025 ஜூனில் வந்த ஏஸ் புரோ இ.வி. வேறு ரகம். பேட்டரி 14.4 யூனிட், சுமை 750 கிலோ, சான்றிதழில் 155 கி.மீ., விலை ரூ.6.50 லட்சம். நடுவில் மகிந்திரா, யூலர், அசோக் லேலண்டின் ஸ்விட்ச் என்று மற்றவர்களும் களத்தில் இறங்கிவிட்டார்கள். 2025-ல் டாடாவின் மின் சரக்கு வண்டிகளைக் குத்தகைக்கு விடவென்றே வெர்டெலோ என்ற நிறுவனம் ஒப்பந்தம் செய்தது.

"புதுசு" என்றால் எல்லாமே பெரிசு என்று அர்த்தமில்லை. 21.3 யூனிட்டை 154-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 0.138 யூனிட். 14.4-ஐ 155-ஆல் வகுத்தால் 0.093. மூன்றில் ஒரு பங்கு பேட்டரி குறைந்தும் அதே தூரம் ஓடக் காரணம், வண்டி சிறியது, இலேசானது. ஆகவே எந்தப் புது மாடல் என்பதே முதல் கேள்வி.

பேட்டரி நிஜமாகவே பழசாகிவிட்டதா?

வண்டி ஓட்டுகிறவர் சொல்லும் முதல் காரணம் இதுதான்: "முன்ன மாதிரி ஓடல தம்பி." இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அளந்து பார்க்க வேண்டும்.

இந்த வண்டியில் இருப்பது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல். ஒரு செல் 3.2 வோல்ட். 20 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் வரை வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒரே கோடாகப் படுத்துக் கிடக்கும். அதனால் வோல்டேஜை வைத்து எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று கண்டுபிடிப்பது கஷ்டம். உள்ளே இருக்கும் கண்ட்ரோல் யூனிட் போகிற வருகிற கரண்டை எண்ணிக்கொண்டே இருக்கிறது. எண்ணிக்கையில் சிறு பிழை தினமும் சேர்ந்து, மீட்டர் காட்டுவதும் உள்ளே இருப்பதும் வேறாகிவிடும். முழு 100 சதவீதம் வரை ஏற்றினால்தான் அந்த எண்ணிக்கை சரியாகும், செல்களும் சமமாகும். தினமும் 90-லேயே பிளக்கைப் பிடுங்குகிற வண்டியில் "ரேஞ்ச் குறைஞ்சிடுச்சு" என்ற புகாருக்கு இதுவே காரணமாக இருக்கலாம். டயர் காற்று குறைவு, பிரேக் ஒட்டிப் பிடிப்பது இரண்டையும் அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

பேட்டரியின் நிஜ நிலையைக் கண்டுபிடிக்க நம்ம லேப் கருவி எதுவும் வேண்டாம், ஒரு சப்-மீட்டர் போதும். 20 சதவீதம் காட்டும்போது சார்ஜ் போட்டு 100 வரை விடுங்கள். மீட்டரில் 17.5 யூனிட் ஓடியது என்று வைப்போம். சார்ஜரில் பத்து சதவீதம் சூடாகப் போகிறது என்று எடுத்தால் பேட்டரிக்குள் போனது 15.75. இது 80 சதவீதத்துக்கு உரியது, எனவே முழுக் கொள்ளளவு 19.7 யூனிட். 21.3-ல் இது 92 சதவீதம். இரண்டு மூன்று தடவை செய்து சராசரி எடுங்கள்.

92 சதவீதம் என்றால் மோசமில்லை. ஆனால் அது உங்கள் ஓட்டத்துக்குப் போதுமா என்பது தனிக் கணக்கு. கிளியனூரிலிருந்து புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குக் காய்கறி, தேங்காய் ஏற்றும் ஒருவர், போக வர 40 கி.மீ. வீதம் தினம் மூன்று நடை போகிறார் என்று வைத்துக்கொள்வோம். 120 கி.மீ. போகும்போது லோடு, வரும்போது காலி. சராசரி கிலோமீட்டருக்கு 0.15 யூனிட் என்றால் 18 யூனிட் வேண்டும். புது பேட்டரியில் 3 யூனிட்டுக்கு மேல் மிச்சம். 92 சதவீத பேட்டரியில் ஒன்றரை யூனிட்தான் மிச்சம். 85-க்கு இறங்கினால் மொத்தமே 18.1! மூன்றாம் நடையில் மொரட்டாண்டி டோல்கேட் தாண்டி ஊர் வந்து சேர்வதற்குள் வயிற்றில் புளியைக் கரைக்கும்.

இதற்கு மருந்து புது வண்டி மட்டும்தானா? மதியம் சாப்பாட்டுக்கு வண்டி நிற்கும் ஒரு மணி நேரத்தில், 15 ஆம்பியர் பிளக்கில் போட்டால் பேட்டரிக்குள் சுமார் 3 யூனிட் போகும். அதாவது 20 கி.மீ. ஒழுங்கான எர்த் உள்ள ஒரு பிளக் பாயிண்ட் போட ஆகும் செலவு, ஒரு மாத வாடகை வித்தியாசத்தைவிட அதிகமிருக்காது.

இன்னொரு முக்கியமான விஷயம். பேட்டரி யாருடையது? குத்தகைக் கம்பெனியுடையது. அது தேய்வது அவர்கள் கவலை. வாடகை வீட்டில் ஓடு பழசாகிவிட்டது என்று நாம் ஏன் ராத்திரி தூங்காமல் இருக்க வேண்டும்? வீட்டுக்காரரைக் கூப்பிட்டு மாற்றச் சொல்ல வேண்டியதுதான். ஒப்பந்தத்தில் "கொள்ளளவு இத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் பேட்டரியோ வண்டியோ மாற்றித் தரப்படும்" என்ற ஷரத்து இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் உங்கள் சப்-மீட்டர் நோட்டுப் புத்தகம்தான் சாட்சி. இந்த யோசனை இன்று வந்ததல்ல. அமெரிக்காவின் ஹார்ட்போர்டு நகர மின்சாரக் கம்பெனி 1912 வாக்கிலேயே மின் லாரிகளுக்குப் பேட்டரியைத் தானே வைத்துக்கொண்டு, தீர்ந்ததை மாற்றிக் கொடுத்து, ஓடிய மைலுக்குக் காசு வாங்கியது. லாரிக்காரருக்குப் பேட்டரி பயம் கிடையாது.

மாற்றினால் என்ன செலவு?

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். இதுவரை கட்டிய 30 மாத வாடகையைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அது போனது போனதுதான், மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் திரும்பாது. இரண்டு பக்கமும் சமமாக இருப்பதையும் அடித்துவிடலாம். 2018 அக்டோபரில் மத்திய அரசு பேட்டரி வண்டிகளுக்குப் பெர்மிட் வேண்டாம் என்று அறிவித்தது. தமிழ்நாட்டு எல்லை தாண்டிப் புதுச்சேரிக்குள் போகிற நம்ம பக்கத்து வண்டிகளுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் பழைய மாடலுக்கும் அதே நிம்மதிதானே! மாற்றுவதற்கு அது காரணமாகாது.

மானியம் என்று சொன்னால் ஒன்றுக்கு இரண்டு முறை கேளுங்கள். 2025 ஜூலையில் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் மின் லாரிகளுக்கு அதிகபட்சம் ரூ.9.6 லட்சம் வரை அறிவித்தது உண்மை. அது மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு, அதுவும் பழைய லாரியை உடைத்த சான்றிதழோடு. குட்டி யானைக்கு அதில் ஒன்றுமில்லை.

இனி எண்கள். இவை கணக்குக்காக நான் போட்டவை, உங்கள் ஒப்பந்தத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். 48 மாதக் குத்தகையில் 30 முடிந்தது, 18 மிச்சம். பழைய வாடகை ரூ.20,000, ஒரு டன் வண்டிக்கு ரூ.23,000. நடுவில் முறித்தால் மூன்று மாத வாடகை, அதாவது ரூ.60,000 அபராதம். பழைய வண்டிக்கு நாம் அடித்த கம்பிக் கூண்டு புதுசுக்குப் பொருந்தாது, அதற்கு ரூ.25,000. கூடுதல் வாடகை 18 மாதத்துக்கு ரூ.54,000. மொத்தம் ரூ.1,39,000. மாதத்துக்கு ரூ.7,722.

வரவுப் பக்கம்: 600 கிலோ வீதம் மூன்று நடையில் 1,800 கிலோ போகிறது. ஒரு டன் வண்டியில் இரண்டே நடை. தினம் 40 கி.மீ. மிச்சம். புது வண்டி அதிக லோடு ஏற்றுவதால் கிலோமீட்டருக்கு 0.17 யூனிட் என்று வைத்தால் 80 கி.மீ.க்கு 13.6. பழசில் 18. மிச்சம் 4.4, சார்ஜர் நஷ்டம் சேர்த்து 4.9 யூனிட். யூனிட் ரூ.9 என்றால் நாளைக்கு ரூ.44, 25 நாளைக்கு ரூ.1,100. அவ்வளவுதான்! கரண்டு மிச்சம் என்று சொல்லி யாராவது ஆசை காட்டினால் இந்த ரூ.1,100-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மின் வண்டியில் ஓட்டச் செலவு ஏற்கெனவே குறைவு. குறைவானதில் இன்னும் மிச்சம் பிடித்தால் கொஞ்சமாகத்தான் வரும்.

மீதி ரூ.6,622 எங்கிருந்து வரும்? மிச்சமாகும் ஒரு நடையின் நேரத்திலிருந்து. ஏற்றி இறக்கி, போய் வர இரண்டு மணி நேரத்துக்கு மேல். அந்த நேரத்தில் உள்ளூர் லோடு ஒன்று, செலவு போக ரூ.300 நிற்கிற மாதிரி, மாதம் 23 நாள் கிடைத்தால் ரூ.6,900, கணக்கு ரூ.278 லாபத்தில் நிற்கும். 20 நாள்தான் கிடைத்தது என்றால் ரூ.622 நஷ்டம். டோல் கட்டணம் மிச்சத்தை நான் சேர்க்கவில்லை. உங்கள் ஃபாஸ்டாக் கணக்கைப் பார்த்துச் சேர்த்தால் தராசு கொஞ்சம் புது வண்டிப் பக்கம் சாயும். இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் பாடத்தில் பரீட்சைக்காகப் படிக்கிற பிரேக்-ஈவன் பாயிண்ட் இதுதான், நண்பர்களே. இங்கே அது மாதம் 22 உள்ளூர் லோடில் இருக்கிறது. தர்பூசணி சீசனில் அது தாராளமாகக் கிடைக்கும். ஐப்பசி மழையில் கிடைக்குமா என்பதை வண்டி ஓட்டுகிறவரிடம் கேளுங்கள், நம்மைவிட அவருக்குத் தெரியும்.

"விலை குறைஞ்ச ஏஸ் புரோ எடுத்தா வாடகை கம்மியாகுமே?" என்று ஒருவர் கேட்கலாம். ஆகும். ஆனால் 750 கிலோவில் இரண்டு நடை என்றால் 1,500 கிலோ. மீதி 300 கிலோவுக்கு மூன்றாம் நடை போயே தீர வேண்டும். இவருக்கு அது உதவாது. தினம் 700 கிலோவுக்குள் பால், ரொட்டி, பார்சல் என்று ஒரே சுற்று ஓடுகிறவருக்கு அதுவே சரியான வண்டி.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணம்

600 கிலோ வண்டியில் 900 கிலோ ஏற்றி இரண்டே நடையில் முடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மேலே சொன்ன கணக்கில் மிச்சமே வராது, ஏனென்றால் நடை குறையாது. ஆனாலும் உடனடியாக மாற்ற வேண்டியவர்கள் இவர்கள்தான் என்பது என் கருத்து. மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பின், அதிக பாரத்துக்கு அபராதம் ரூ.20,000. அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் ரூ.2,000. ஒரு தடவை பிடிபட்டால் ஆறு மாதத்துக்கும் மேலான வித்தியாச வாடகை போச்சு. அதைவிட, அச்சு முறிந்து சாலையில் நின்றால் குத்தகைக் கம்பெனி வாரண்டியைக் காட்டிக் கைவிரிக்கும், இன்சூரன்ஸ்காரரும் கேள்வி கேட்பார். பிரேக் பிடிக்கும் தூரம் கூடும் என்பதை இயந்திரவியல் மாணவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பொறுத்தால் என்ன ஆகும்?

18 மாதம் பொறுத்தால் அபராதம் ரூ.60,000 இல்லை. வண்டியைக் கொடுத்துவிட்டு அன்றைக்கு இருக்கும் மாடலை எடுக்கலாம். உலகச் சந்தையில் பேட்டரி சராசரி விலை ப்ளூம்பெர்க் கணக்குப்படி 2023-ல் யூனிட் கொள்ளளவுக்கு 139 டாலர், 2024-ல் 115 டாலர். ஒரே வருஷத்தில் இவ்வளவு இறங்குகிற பொருளுக்கு இன்றைய விலையில் நாலு வருஷ வாடகை பேசி மாட்டிக்கொள்வதில் யோசனை வேண்டும். மாற்றுகிறோம் என்றால் புது ஒப்பந்தம் பெரும்பாலும் மறுபடி 48 மாதம். நம் கணக்கு 18 மாதத்துக்குத்தான், மீதி 30 மாதமும் அதே ரூ.23,000 கட்ட வேண்டியிருக்கும். அந்தப் பக்கம், 2025 செப்டம்பர் 22 முதல் சிறு டீசல் வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. மின் வண்டிக்கு 5 சதவீதம்தான். ஆனால் நடுவில் இருந்த இடைவெளி சுருங்கியதால் போட்டியில் வாடகை இன்னும் இறங்க வாய்ப்புண்டு.

இதையெல்லாம் குத்தகைக் கம்பெனி ஆளுக்குச் சொல்லிப் பேரம் பேசலாம். பழைய வண்டியைத் திரும்ப எடுத்து வேறொருவருக்கு விட அவர்களிடம் ஆள் தயாராக இருந்தால், அபராதத்தைப் பாதியாக்குவார்கள். ரூ.30,000 குறைந்தால் மாதச் சுமை ரூ.7,722-லிருந்து ரூ.6,056 ஆகிவிடும். அப்போது மாதம் 17 உள்ளூர் லோடு கிடைத்தாலே போதும். கையெழுத்துக்கு முன் மூன்று விஷயம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: டெபாசிட் புது ஒப்பந்தத்துக்கு முழுசாக மாறுகிறதா, பழைய வண்டியின் கீறல் நசுங்கலுக்கு யார் கணக்கு, புது வண்டியின் சார்ஜர் பிளக் வீட்டிலிருக்கும் பாயிண்டுக்குப் பொருந்துமா. மூன்றாவது சின்ன விஷயம் மாதிரி தெரியும். முதல் நாள் ராத்திரி பத்து மணிக்குத்தான் அது பெரிசாகும்.