இன்ஸ்டா விளம்பரமா, கூகுள் தேடலா? சைடு பிசினஸ்ல முதல் 15,000 ரூபாயை எங்க போடணும்?



1-ம் தேதி சம்பளம் வருது. வாடகை, இ.எம்.ஐ., வீட்டுக்கு அனுப்புறது எல்லாம் போக ஒரு சின்னத் தொகை மிஞ்சுது. "ஊர்ல கிடைக்கிற பொருளை ஆன்லைன்ல வித்தா என்ன?"னு உங்களுக்கும் தோணியிருக்கும். திருநெல்வேலிப் பக்கம்னா அல்வா, பத்தமடைப் பாய், காருகுறிச்சி மண்பாண்டம்னு லிஸ்ட் பெருசு.

சரி, பொருள் ரெடி. ஆட்கள் எப்படி வருவாங்க? ஒருத்தர் "இன்ஸ்டால காசு கட்டி விளம்பரம் போடு"ன்னு சொல்வார். இன்னொருத்தர் "வெப்சைட் போட்டு எஸ்.இ.ஓ. பண்ணு"ன்னு சொல்வார். ரெண்டு பேருமே உங்க சம்பளக் காசைத்தான் செலவு பண்ணச் சொல்றாங்க. அதனால முதலீடு பார்க்கிற மாதிரியே இதையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

சோசியல் மீடியா விளம்பரம் வாடகை வீடு மாதிரி. காசு கட்டுற வரைக்கும் இடம் உங்களுக்கு. நிறுத்தின மறுநாள் காலி பண்ணணும். ஆனா இன்னைக்கு கட்டினா நாளைக்கே ஆர்டர் வர வாய்ப்பு இருக்கு.

எஸ்.இ.ஓ.ங்கிறது, ஒருத்தர் கூகுள்ல தேடும்போது உங்க பக்கம் மேல வர்ற மாதிரி தயார் பண்றது. இது எஸ்.ஐ.பி. மாதிரி. ஆரம்பத்துல ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். பலன் தெரிய பொதுவா 4 மாசத்துல இருந்து ஒரு வருஷம் ஆகும்னு கூகுளே சொல்லுது.

அல்வா வேற, பாய் வேற

அல்வாவை யாரும் யோசிச்சு வாங்குறதில்லை. ராத்திரி 9 மணிக்கு போனைத் தள்ளிட்டு இருக்கும்போது, நெய் மினுங்க இலையில விழுற அல்வாவைப் பார்த்ததும் வாய் ஊறுது, ஆர்டர் போடுறாங்க. இது ரீல்ஸுக்கான பொருள். பிடிச்சிருந்தா தீபாவளிக்கும் பொங்கலுக்கும் திரும்ப வாங்குவாங்க.

இப்போ பத்தமடைப் பாயைப் பாருங்க. சேரன்மகாதேவி பக்கத்துல இருக்கிற ஊர். தாமிரபரணிக் கரையோரம் விளையுற கோரையைத் தண்ணியில ஊறவெச்சு, மெல்லிசா கிழிச்சு நெய்யுற பாய். புவிசார் குறியீடும் வாங்கியிருக்கு. கல்யாணத்துக்குன்னு மணமக்கள் பேரையும் தேதியையும் சேர்த்தே நெய்து தருவாங்க. ரீல்ல பார்த்த உடனே யாரும் இதை வாங்க மாட்டாங்க. ஆனா வீட்டுல கல்யாணம் நிச்சயமானதும், "பத்தமடை கல்யாணப் பாய் விலை"ன்னு தேடுற ஒருத்தர் நிச்சயம் இருப்பார். அவர் வாங்குற முடிவோட வர்றவர்.

முதல் கேள்வி இதுதான்: உங்க பொருளை மக்கள் ஏற்கெனவே தேடுறாங்களா, இல்ல நீங்க காட்டினாத்தான் ஆசை வருமா? தேடுற பொருளுக்கு கூகுள். காட்டினா ஆசை வர்ற பொருளுக்கு ரீல்ஸ்.

"இருட்டுக்கடைக்கு போர்டுகூட கிடையாது, சாயங்காலம் நெல்லையப்பர் கோயில் எதிர்ல எப்படி கூட்டம் நிக்குது பாருங்க, விளம்பரம் எதுக்கு?"ன்னு சிலர் கேட்பாங்க. அந்தப் பேர் தலைமுறைகளா சம்பாதிச்சது. ஜங்ஷன்ல இறங்குறவங்க அந்தக் கடையைப் பேர் சொல்லியே கேட்கிறாங்க. உங்க கடைக்கு இன்னைக்குத்தான் முதல் நாள்.

கணக்குப் போடுவோம்

கீழ வர்ற எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்க எண்ணைப் போட்டுப் பாருங்க.

ஒரு பாய்க்கு லாபம் 400 ரூபாய்னு வெச்சுக்குவோம்.

*வழி 1: இன்ஸ்டா விளம்பரம்*
- மாசம் 6,000 ரூபாய். அதுக்கு மேல 18% ஜி.எஸ்.டி. சேர்ந்தா 7,080. (ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவங்களுக்கு இந்த 1,080 திரும்ப வராது.)
- 12 ஆர்டர் வந்தா லாபம் 4,800. கையில 2,280 நஷ்டம்.
- நஷ்டம் இல்லாம இருக்கணும்னா மாசம் 18 ஆர்டர் வேணும்.

ரீல் 2 லட்சம் வியூஸ் போயிருக்கலாம். ஆனா ஒரு ஆர்டரைக் கொண்டு வர 590 ரூபாய் செலவு பண்ணி 400 சம்பாதிச்சிருக்கீங்க. இதே 590-ல வந்த அல்வா கஸ்டமர், தடவைக்கு 150 ரூபாய் லாபத்துல வருஷம் 4 தடவை வாங்கினா 600. அங்க கணக்கு நேராகுது. பாய் வாங்குறவர் அடுத்த கல்யாணம் வரைக்கும் திரும்ப வர மாட்டார்.

*வழி 2: வெப்சைட்*
- டொமைன், ஹோஸ்டிங், நல்ல ஃபோட்டோ எல்லாம் சேர்த்து முதல் வருஷம் 8,000.
- முதல் 5 மாசம் பூஜ்யம். அப்புறம் மாசம் 6 ஆர்டர்னா 7 மாசத்துல 42. லாபம் 16,800. செலவு போக 8,800.

நல்லா இருக்கேன்னு தோணுதா? கொஞ்சம் பொறுங்க. வாரம் 4 மணி நேரம் எழுதினா வருஷம் 208 மணி நேரம். மணிக்கு 42 ரூபாய்தான் வருது! எஸ்.இ.ஓ. இலவசம்னு சொல்றவங்க உங்க ஞாயிற்றுக்கிழமையைக் கணக்குல சேர்க்கிறதில்லை.

ரெண்டாம் வருஷம்? அதே மாசம் 6 ஆர்டர், செலவு 4,000, வாரம் 2 மணி நேரம்னு வெச்சா, கையில 24,800. மணிக்கு 238 ரூபாய் ஆகுது. முதல் வருஷம் பல்லைக் கடிச்சிட்டு நிக்கிறவங்களுக்குத்தான் இந்த ரெண்டாம் வருஷம்.

எதுவும் முழுசா சொந்தம் இல்லை

2018 ஜனவரியில ஃபேஸ்புக், நண்பர்கள், குடும்பத்தோட பதிவுகளுக்கே முன்னுரிமைன்னு மாத்தினாங்க. கம்பெனி பேஜ்களை நம்பியிருந்தவங்க தவிச்சுப் போனாங்க. 2020 ஜூன் 29-ல டிக்டாக்கை இந்திய அரசு தடை பண்ணுச்சு. லட்சக்கணக்குல ஃபாலோயர்ஸ் வெச்சிருந்தவங்களுக்கு ஒரே நாள்ல எல்லாம் போச்சு.

கூகுளும் அப்படித்தான். தேடல் விதிகளை அப்பப்போ மாத்துறாங்க. இப்போ ஏ.ஐ. மேலயே பதில் சொல்லிடுறதால, சிலர் கீழ இருக்கிற லிங்க்கைத் தொடுறதே இல்லை.

உண்மையில உங்க சொத்து ரெண்டுதான். உங்க பேர்ல பதிவான டொமைன். வாங்கினவங்க சம்மதத்தோட கொடுத்த போன் நம்பர். எந்த வழியில கஸ்டமர் வந்தாலும் இந்த ரெண்டுல சேர்த்து வைங்க.

15,000 ரூபாயை எப்படிப் பிரிக்கலாம்?

பாய் மாதிரி தேடி வாங்குற பொருளா இருந்தா:

1. 8,000 – வெப்சைட். கஸ்டமர் கேட்கிற கேள்வி ஒவ்வொண்ணுக்கும் ஒரு பக்கம். விலை என்ன, நெய்ய எத்தனை நாள், பேர் எப்படிப் போடுவாங்க, எப்படிப் பராமரிக்கணும், கைநெசவுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? நெசவு பண்றவங்ககிட்ட நேர்ல கேட்டு எழுதுங்க.
2. 3,540 – சோதனை விளம்பரம். ஜி.எஸ்.டி. சேர்த்த தொகை. ஒரு ஆர்டருக்கு ஆகுற செலவு உங்க லாபத்தைத் தாண்டினா அங்கயே நிறுத்துங்க.
3. 3,460 – கையிருப்பு. கூரியர்ல சேதம், ரிட்டர்ன், அடுத்த வருஷ ரினியூவல்.

அல்வா மாதிரிப் பொருளா இருந்தா முதல் ரெண்டையும் மாத்திப் போடுங்க. உணவுப் பொருளுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு கட்டாயம். வெளி மாநிலத்துக்கு விக்கிறதா இருந்தா ஜி.எஸ்.டி. பத்தி ஆடிட்டர்கிட்ட முதல்லயே கேட்டுடுங்க.

கஸ்டமர் நேர்ல வர்ற கடை இருந்தா, கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலை இன்னைக்கே போடுங்க. இலவசம். ஆன்லைன்ல மட்டும் விக்கிறவங்களுக்கு இது கிடையாது.

ரெண்டு எச்சரிக்கை

"கூகுள்ல முதல் இடம் கேரண்டி, 25,000 கொடுங்க"ன்னு யாராவது கேட்டா போனை வெச்சிடுங்க. அப்படி யாராலயும் உறுதி கொடுக்க முடியாதுன்னு கூகுளே எழுதி வெச்சிருக்கு. காசு கொடுத்து ஃபாலோயர்ஸ் வாங்குறதும் அதே கதைதான். அவங்க பாய் வாங்க மாட்டாங்க.

கடைசியா ஒண்ணு. இந்த 15,000 எமர்ஜென்சி ஃபண்டுல இருந்து வரக் கூடாது. கிரெடிட் கார்டு இ.எம்.ஐ.யில இருந்தும் வரக் கூடாது. முழுசா போனாலும் அடுத்த மாச வாடகை தடையில்லாம கட்ட முடியும்ங்கிற காசா இருக்கட்டும்.

இன்னைக்கு ராத்திரி ஒரு பேப்பர் எடுத்து ரெண்டு எண் மட்டும் எழுதுங்க: ஒரு ஆர்டர்ல உங்க லாபம் எவ்வளவு? அதுக்கு அதிகபட்சம் எவ்வளவு விளம்பரச் செலவு தாங்கும்? இந்த ரெண்டுக்கும் பதில் தெரியாம எந்த விளம்பரப் பட்டனையும் தொடாதீங்க.