தேர்வுக்கு முன் ஒரு துஆ

நுழையும்முன்

தேர்வு மாணவரின் அறிவை மட்டும் சோதிப்பதில்லை. அவர் மனத்தின் உறுதியையும் சோதிக்கிறது. கேரளத்தின் எல்லைப்புறங்களில் வாழும் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் தேர்வுக் காலத்தில் எத்தகைய வேண்டுதல்கள் ஓதப்படுகின்றன, அவை மாணவரிடம் எதை எதிர்பார்க்கின்றன என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பாலக்காட்டுக் கணவாயின் வழியே வீசும் காற்று மார்ச் மாதத்தில் வறட்சியும் வெம்மையும் மிகுந்தது. அதே மாதத்தில் இடுக்கி மாவட்டத்தின் மூணாறு மலைச்சரிவுகளில் விடியற்காலைக் குளிர் இன்னும் விட்டபாடில்லை. ஓரிடத்தில் விசிறி ஓயாமல் சுழல்கிறது. மற்றோரிடத்தில் கம்பளி விலகவில்லை. ஆயினும் இவ்விரு இடங்களிலும் விளக்கு எரியும் நேரம் ஒன்றுதான். பொழுது புலர்வதற்கு முன்பே பள்ளிவாசலிலிருந்து பாங்கொலி எழுகிறது. தேர்வு எழுதும் பிள்ளைகள் எழுந்து, குளிர்ந்த நீரில் உளூச் செய்து, சுபுஹுத் தொழுகையை முடித்துப் புத்தகத்தின்முன் அமர்கின்றனர்.

பாலக்காடு நகரிலும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களிலும், இடுக்கியில் தொடுபுழை முதல் குமுளி வரையிலும் வாழும் முஸ்லிம்களுள் இராவுத்தர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். இவர்களுள் பலருடைய வீட்டுமொழி தமிழே. தந்தையை ‘அத்தா’ என்றழைக்கும் வழக்கம் இவர்களிடம் இன்றும் நிலைத்துள்ளது. கேரளத்தின் மாப்பிள்ளை முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாபிஈ மரபைப் பின்பற்ற, இராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனபி மரபினர். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், மத்தியப் பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும், மதரஸாவில் அரபு என்று இக்குடும்பத்துப் பிள்ளைகள் நாள்தோறும் பல மொழிகளுக்கிடையே வாழ்கின்றனர். இது சுமையா, செல்வமா என்பதைத் தேர்வுக் காலத்தில் அவர்களிடம் கேட்பது அவ்வளவு உசிதமன்று!

தொழுகையில் ஓதப்படுவன அரபு மொழியிலேயே அமைந்தவை. தொழுகை முடிந்தபின் இரு கைகளையும் ஏந்திக் கேட்கும் துஆவோ எம்மொழியிலும் அமையலாம். தனக்குத் தேவையானதைத் தாய்மொழியில், தன் சொற்களிலேயே ஒரு மாணவர் இறைவனிடம் கேட்கலாம். எனினும் தேர்வுக் காலத்தில் பெரியோர் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் அரபுத் துஆக்கள் சில உள்ளன. அவற்றுள் முதன்மையானது மூசா நபியின் வேண்டுதலாகும்.

திருக்குர்ஆனின் இருபதாம் அத்தியாயமான ‘தாஹா’வில் இவ்வேண்டுதல் இடம்பெற்றுள்ளது. கொடுங்கோல் மன்னனாகிய ஃபிர்அவ்னின் அவைக்குச் சென்று உண்மையை எடுத்துரைக்குமாறு மூசா நபிக்குக் கட்டளை பிறக்கிறது. அவரோ அம்மன்னனின் நாட்டிலிருந்து ஒருகாலத்தில் அஞ்சி வெளியேறியவர். பேச்சில் திக்கலும் உடையவர். அந்நிலையில் அவர் தம்முடைய அச்சத்தை மறைக்கவில்லை. தம் நெஞ்சம் நெருக்குண்டு போகும், நா எழாது என்று அவர் வெளிப்படையாகவே கூறியதைக் குர்ஆனின் மற்றோர் இடம் தெரிவிக்கிறது. ஓர் இறைத்தூதரே தம் அச்சத்தை ஒளிக்காதபோது, கணக்குத் தேர்வுக்கு முதல்நாள் வயிறு கலங்கும் மாணவர் அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை.

மூசா நபி கேட்டவை எவை என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. தம்முடைய நெஞ்சத்தை விரிவாக்குமாறு முதலில் கேட்கிறார். அடுத்து, தம் பணியை எளிதாக்குமாறு வேண்டுகிறார். பின்னர், பிறர் தம் சொல்லைப் புரிந்துகொள்ளும்படி நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு கேட்கிறார். வெற்றி தமக்கே வரவேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அச்சத்தால் சுருங்கிய நெஞ்சில் கற்றது நிற்பதில்லை. நெஞ்சம் விரிந்தால் சொல் தானே வெளிவரும். எழுத்துத் தேர்வாயினும் வாய்மொழித் தேர்வாயினும் மாணவர்க்கு முதலில் தேவைப்படுவது இந்த விரிவுதான். முழு மதிப்பெண் கிடைக்க வேண்டுமென்று மட்டும் வேண்டும் துஆவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

பலரும் இத்துடன் ஓதி நிறுத்திவிடுவர். வேண்டுதலோ இங்கு முடிவதில்லை. தம் குடும்பத்திலிருந்து தமக்கு ஒரு துணைவரைத் தருமாறும், தம் உடன்பிறந்தார் ஹாரூனைத் தம் பணியில் பங்காளியாக்குமாறும் மூசா நபி தொடர்ந்து கேட்கிறார். அக்கோரிக்கையும் ஏற்கப்படுகிறது. உதவி கேட்பது இறைநம்பிக்கைக்குக் குறைவன்று என்பது இதனால் விளங்கும். புரியாத பாடத்தை அக்காளிடமோ, வகுப்புத் தோழனிடமோ, ஆசிரியரிடமோ கேட்டுத் தெளியத் தயங்கும் மாணவர் இவ்வேண்டுதலின் பிற்பகுதியையும் சேர்த்துப் படிப்பது நன்று.

அதே அத்தியாயத்தின் 114ஆம் வசனத்தில் மற்றொரு துஆ உள்ளது. அறிவைப் பெருக்குமாறு இறைவனை வேண்டும் மிகச் சிறிய துஆ அது. மதரஸாவில் சிறு குழந்தைகளும் இதனை மனப்பாடமாக அறிவர். ஆனால் அவ்வசனத்தின் முற்பகுதி பலருடைய கவனத்திற்கு வருவதில்லை. இறைச்செய்தி முழுமையாக அருளப்பெறும் முன்னரே அதனை ஓத விரைய வேண்டாம் என்று நபிகள் நாயகத்துக்கு அங்கு அறிவுறுத்தப்படுகிறது. அதன் பின்னரே அறிவு பெருக வேண்டும் என்னும் வேண்டுதல் வருகிறது. விரையாமை முன்னும் அறிவு பின்னுமாக அவ்வசனம் அமைந்துள்ளது.

இவ்வமைப்பு தேர்வறைக்கு நன்கு பொருந்துகிறது. மத்தியக் கல்வி வாரியத்தின் பொதுத்தேர்வில் காலை 10.15 மணிக்கு வினாத்தாள் வழங்கப்படுகிறது, 10.30 மணிக்குத்தான் எழுதத் தொடங்க வேண்டும். இடைப்பட்ட 15 நிமிடங்கள் படிப்பதற்கு உரியவை. கேரள அரசின் எஸ்.எஸ்.எல்.சி. தேர்விலும் இதே அளவு நேரம் ‘கூல் ஆஃப் டைம்’ என்னும் பெயரில் தரப்படுகிறது. வினாவை முழுமையாகப் படிக்கும் முன்பே மனத்துக்குள் விடையை எழுதத் தொடங்கிவிடுவது மாணவர் பலருக்கும் உள்ள பழக்கம். கேட்கப்பட்டது ஒன்றாகவும் எழுதப்பட்டது வேறொன்றாகவும் போவது பெரும்பாலும் இதனால்தான். அறிவு வேண்டி ஓதிய நாவுக்கு அந்தப் பதினைந்து நிமிடப் பொறுமையும் கடமையாகிறது.

ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டு இறைவன்மீது நம்பிக்கை வைப்பதா, கட்டாமல் விட்டுவிட்டு நம்பிக்கை வைப்பதா என்று ஒருவர் நபிகள் நாயகத்திடம் கேட்டார். முதலில் கட்டு, பிறகு நம்பு என்பது அவர் பெற்ற விடையின் கருத்து. திர்மிதி ஹதீஸ் தொகுப்பில் உள்ள இச்செய்தியை எல்லோரும் அறிவர். படிக்காமல் துஆ மட்டும் கேட்பது கட்டாத ஒட்டகம் என்று சொன்னால் போதும்.

அதிகம் அறியப்படாத வேறொரு நிகழ்ச்சி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. நபிகள் நாயகம் ஒருநாள் பள்ளிவாசலுக்குள் நுழைந்தபோது இரண்டு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டப்பட்டிருப்பதைக் கண்டார். அது எதற்கு என்று வினவினார். அவருடைய துணைவியார் ஸைனப் அவர்கள் நீண்ட நேரம் நின்று தொழுது களைப்படையும்போது பற்றிக்கொள்வதற்காகக் கட்டியது என்றனர். நபிகளார் அக்கயிற்றை அவிழ்த்துவிடச் சொன்னார். உற்சாகம் இருக்கும்வரை தொழ வேண்டும், களைப்பு வந்தால் அமர்ந்துவிட வேண்டும் என்று அறிவுறுத்தினார். தூக்கம் மேலிடும்போது தொழுகையைத் தொடராமல் உறங்கிவிட வேண்டும், இல்லையேல் என்ன ஓதுகிறோம் என்பதே தெரியாமல் போகும் என்னும் கருத்துடைய ஹதீஸும் உண்டு.

தேர்வுக்கு முதல்நாள் இரவு முழுவதும் கண்விழித்துப் படிக்கும் பிள்ளைகளும், அவர்களை விழித்திருக்கச் செய்யும் பெற்றோரும் இந்தக் கயிற்றை நினைவிற்கொள்ள வேண்டும். வழிபாட்டுக்கே ஓய்வு விதிக்கப்பட்டிருக்கும்போது பாடப்புத்தகத்துக்கு விலக்கு இருக்க முடியாது. தஹஜ்ஜுத் எனப்படும் பின்னிரவுத் தொழுகை சிறப்புடையதே. ஆனால் அது உறங்கி எழுந்து தொழுவது, உறக்கத்தையே ஒழித்துவிடுவதன்று. தம் சமூகத்தாரின் வைகறைப் பொழுதில் அருள்வளம் பொழியுமாறு நபிகளார் வேண்டிய செய்தியும் உண்டு. மார்ச் மாதத் தொடக்கத்தில் பாலக்காட்டில் சுபுஹு நேரம் ஏறத்தாழ ஐந்தரை மணியளவில் தொடங்குகிறது. அன்றிலிருந்து தேர்வறைக்குப் புறப்படும் வரை அமைதியான இரண்டு மூன்று மணி நேரம் மாணவர் கையில் இருக்கிறது. முந்திய இரவில் உரிய நேரத்தில் உறங்கியவர்க்கே அந்நேரம் பயன்படும்.

அண்மை ஆண்டுகளில் தேர்வும் நோன்பும் ஒரே காலத்தில் வருவதுண்டு. சந்திர ஆண்டு கதிரவ ஆண்டைவிடப் பத்து அல்லது பதினொரு நாள் குறைவானது. அதனால் ரமலான் மாதம் ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்கிறது. 2025ஆம் ஆண்டில் கேரளத்தில் ரமலான் நோன்பு மார்ச் 2ஆம் நாள் தொடங்கியது; எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு மறுநாளே தொடங்கியது. பாலக்காட்டு வெயிலில் நாவறட்சியுடன் தேர்வெழுதுவது எளிதன்று. சஹர் உணவைத் தவறவிடாமை, இரவில் போதிய அளவு நீர் அருந்துதல், தேர்வு முடிந்து திரும்பியதும் சற்றுக் கண்ணயர்தல் ஆகியவற்றை வீட்டிலுள்ளோர் கவனித்துக்கொள்வர். உடல்நலம் குன்றியோர்க்கு நோன்பைப் பின்னொரு நாளில் நோற்கும் சலுகையை மார்க்கமே வழங்கியுள்ளது. அத்தகைய நிலையில் ஒரு பிள்ளை தானாக முடிவெடுத்து வருந்துவதைவிட, மருத்துவரிடமும் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமும் அத்தா அம்மாவுடன் சென்று கேட்பதே முறையாகும்.

தேர்வு நெருங்கும்போது பேனாவை ஓதி ஊதித் தருமாறு கேட்போரும், பிள்ளையின் கையில் தாயத்துக் கட்டுவோரும் உள்ளனர். இவ்வழக்கம் எந்தவொரு சமயத்துக்கும் தனியுரிமையன்று; கோயிலில் பேனாவை வைத்து வணங்குவோரும், மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுவோரும் அதே காலை வேளையில் அதே பேருந்தில்தான் பள்ளிக்கு வருகின்றனர். பெற்றோரின் அன்பு அதில் வெளிப்படுவதை மறுப்பதற்கில்லை. ஆயினும் வேண்டுதல் பேனாவில் தங்குவதன்று. பேனா மறந்து வீட்டிலேயே தங்கிவிட்டால் தேர்வே போயிற்று என்று பிள்ளை நடுங்குமாயின், அந்த ஓதல் நெஞ்சத்தை விரிக்கவில்லை, சுருக்கிவிட்டது.

தொழிலும் இறைநினைவும் ஒன்றோடொன்று முரண்படாதவை என்பதற்கு இம்மலைநாட்டிலேயே ஒரு சான்று உண்டு. இடுக்கி மாவட்டத்திலுள்ள பீருமேடு என்னும் ஊருக்கு அப்பெயர் வந்தது சூஃபி ஞானியாகிய பீர் முகமது அவர்களால் என்பர். தென்காசியில் பிறந்து, மலைகளில் தனித்திருந்து தியானித்து, பின்னர்த் தக்கலையில் வாழ்ந்து அடங்கியவராக மரபு அவரைப் போற்றுகிறது. நெசவுத் தொழில் செய்து வாழ்ந்தவர் அவர். ‘ஞானப்புகழ்ச்சி’ உள்ளிட்ட தமிழ் நூல்களை இயற்றியவரும் அவரே. தறியில் ஒவ்வோர் இழையாகத்தான் துணி வளர்கிறது. நாள்தோறும் ஒரு பாடமாகப் படித்துத் தேர்வுக்கு ஆயத்தமாகும் மாணவருக்கு அந்நெசவாளர் அயலாரல்லர்.

துஆ கேட்டும் மதிப்பெண் குறைந்துவிட்டால் என்ன செய்வது? இதுவே பிள்ளைகள் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. பெரியோர் இதற்கு முன்கூட்டியே விடை சொல்லி வைப்பது இன்றியமையாதது. ஒரு துஆ கேட்டபடியே உடனே கிடைக்கலாம். மறுமைக்காகச் சேமித்து வைக்கப்படலாம். அதற்கு ஈடாக வேறொரு தீங்கு விலக்கப்படலாம் என மூன்று வழிகளை ஹதீஸ் கூறுகிறது. எவ்வழியிலும் கேட்டது வீணாவதில்லை என்பதே அதன் பொருள். குறைந்த மதிப்பெண்ணை இறைவனுடைய கோபத்தின் அடையாளமாகக் காட்டிப் பிள்ளையை அச்சுறுத்துவோர் மார்க்கத்தையும் அறியார், பிள்ளையின் மனத்தையும் அறியார். மேற்படிப்பில் எப்பாடத்தைத் தேர்ந்தெடுப்பது என்னும் குழப்பம் வரும்போது இஸ்திகாரா என்னும் இரண்டு ரக்அத் தொழுகை உள்ளது. நன்மையானது எதுவோ அதற்கே தன்னை இட்டுச்செல்லுமாறும், அதில் மனநிறைவைத் தருமாறும் இறைவனை வேண்டுவது அது. முடிவுகள் வெளிவந்தபின் பல வீடுகளில் அதற்குத் தேவை ஏற்படுகிறது.

மத்தியக் கல்வி வாரியத் தேர்வு பெரும்பாலும் பிற்பகல் 1.30 மணிக்கு முடிவடைகிறது. லுஹர் தொழுகையின் நேரம் அதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பே தொடங்கிவிட்டாலும், அஸர் நேரம் வரும்வரை நீடிக்கிறது. எனவே தொழுகை தவறிவிடுமோ என்று தேர்வறையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வந்து, உளூச் செய்து தொழலாம். ஒரு பணி முடிந்ததும் அடுத்த முயற்சியில் ஈடுபடுமாறு குர்ஆனின் 94ஆம் அத்தியாயம் பணிக்கிறது. துன்பத்துடன் எளிமையும் உண்டு என்பதை இருமுறை கூறும் அத்தியாயமும் அதுவே. தொழுகை விரிப்பை மடித்து வைக்கும்போது, நாளைய தேர்வுக்குரிய நூல் மேசைமீது இருக்கும்.

பயிற்சி

1. மூசா நபியின் வேண்டுதலில் இடம்பெற்ற கோரிக்கைகளை வரிசைப்படுத்தி எழுதுக. அவற்றுள் பலர் ஓதாமல் விடும் பகுதி எது?

2. தூண்களுக்கிடையே கட்டப்பட்ட கயிறு அவிழ்க்கப்பட்டது ஏன்? அந்நிகழ்ச்சியை உம் சொற்களில் எழுதுக.

3. ‘அந்த ஓதல் நெஞ்சத்தை விரிக்கவில்லை, சுருக்கிவிட்டது’ – இத்தொடர் எச்சூழலில் கூறப்பட்டது?

4. பிரித்தெழுதுக: பாங்கொலி, ஒவ்வோர், விடைத்தாளை.

5. உம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ தேர்வு நாள் காலையில் நிகழ்வனவற்றைக் கவனித்துப் பத்து வரிகளில் எழுதுக.